குறையை அன்றைக்கே கேளுங்கள்

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசராகி ஆறு வாரம் ஆன ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 32. கீழே 19 பேர். நம் ஆட்கள் எட்டுப் பேர், மற்றவர்கள் மலாய்க்காரர், இந்தோனேசியர், வங்காளதேசிகள். யாரும் மனம் விட்டுப் பேசுவதில்லை. திங்கட்கிழமை ஆனால் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) குவிகிறது. வேலை நன்றாகத் தெரிந்த இரண்டு பேர் சிங்கப்பூருக்குப் போய்விட்டார்கள். மேனேஜரோ, எல்லாரையும் கேமரன் மலைக்குக் கூட்டிப்போய் ஒரு டீம் பில்டிங் நடத்தினால் சரியாகிவிடும் என்கிறார். பொறுப்பில் இருப்பவர் ஒரு வேலையிடத்தின் சூழலை உண்மையிலேயே மாற்ற முடியுமா, முடியும் என்றால் எங்கே தொடங்குவது என்பது அவர் கேள்வி.

தம்பி, முடியும். ஒரே மில்லில், அதே ஆட்களோடு, அதே சம்பளத்தில், மேலே இருந்தவர் மாறியதும் சூழல் தலைகீழாக மாறியதை நான் பார்த்திருக்கிறேன். நல்லதாகவும் மாறியது, கெட்டதாகவும் மாறியது. நான் ஊத்தான் மெலிந்தாங்கில் இருக்கிறேன். ஃபிட்டராகச் சேர்ந்து, சார்ஜ்மேனாகி, உதவிப் பொறியாளராக ஓய்வு பெற்றேன். 33 வருடம் செம்பனை மில்களிலேயே போனது. அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

ஒரு வேலையிடம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று பார்க்க நான் ஒன்றைத்தான் பார்ப்பேன். கெட்ட செய்தி பொறுப்பாளரிடம் எவ்வளவு சீக்கிரம் வந்து சேர்கிறது? சிரிப்பும் கலகலப்பும் தீபாவளி விருந்தும் எல்லா மில்லிலும் உண்டு. ஆனால் ஒரு போல்ட் தளர்ந்திருக்கிறது, ஒருவனுக்கு ஓவர்டைம் காசு குறைந்திருக்கிறது, ஒரு பெண் பிள்ளையிடம் ஒருத்தன் அசிங்கமாகப் பேசினான் என்பதெல்லாம் அன்றைக்கே மேலே வருகிறதா, மூன்று மாதம் கழித்து வருகிறதா, வராமலே போகிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இது உங்களுக்குச் சுலபமாகப் புரியும், ஏனென்றால் நம் தொழிலே அப்படித்தான். குலையை மரத்திலிருந்து வெட்டிய நிமிடத்திலிருந்து பழத்துக்குள் அமிலம் ஏறத் தொடங்குகிறது. கீழே விழுந்து அடிபட்ட பழத்தில் இன்னும் வேகமாக ஏறும். பழத்தில் இருக்கும் ஒரு நொதி எண்ணெய்யை உடைத்துக்கொண்டே இருக்கிறது. வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஸ்டெரிலைசரில் ஏற்றி, ஏறத்தாழ 40 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ஒன்றரை மணி நேரம் ஆவியில் வேகவைத்தால்தான் அந்த நொதி சாகும். லோரியிலிருந்து குலையைக் கொட்டும் ரேம்ப்பில் குலை தேங்கிவிட்டால், அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டிவிட்டால், வாங்குபவன் விலையைக் குறைப்பான். ஏறின அமிலத்தை அதற்கப்புறம் நம் மில்லில் எந்த மிஷினாலும் இறக்க முடியாது. மனிதர்களின் குறையும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. முதல் நாள் அது ஒரு சின்ன வருத்தம். அடிபட்ட மனதாக இருந்தால் வேகமாகப் புளிக்கும். ஆறு மாதம் தேங்கிய பிறகு அவனைக் கேமரன் மலைக்குக் கூட்டிப்போய் ஸ்ட்ராபெரி வாங்கிக்கொடுத்தாலும் அது இறங்காது.

என் வாழ்க்கையில் மறக்க முடியாத ஒன்றைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கம். அப்போது நான் சார்ஜ்மேன். எங்கள் ஷிப்ட்டில் இருபது வயதுப் பையன் ஒருவன் இருந்தான். ஒரு நாள் கன்வேயரில் ஏதோ சத்தம் கேட்டது என்று நிறுத்திவிட்டான். திறந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. அப்போதிருந்த பொறியாளர் எல்லார் முன்னாடியும், 'உங்க அப்பன் வீட்டு மில்லா இது?' என்று கத்தினார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். நாங்கள் பத்துப் பேர் நின்றோம், யாரும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த மாதம் அதே பையன் ஸ்டெரிலைசர் கதவை இறுக்கி அடைக்கும் பேக்கிங்கில் ஆவி கசிவதைப் பார்த்திருக்கிறான். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் மாலை என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். நான் குலைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன், நிமிர்ந்து பார்க்காமல் 'அப்புறம் வா' என்று சொன்னேன். அவன் அப்புறம் வரவில்லை. மூன்றாம் இரவு அந்தப் பேக்கிங் பிய்த்துக்கொண்டது. கொதிநீரும் ஆவியும் அடித்து, பக்கத்தில் நின்ற வேறொரு தொழிலாளியின் தொடையிலிருந்து பாதம் வரை வெந்துபோனது. இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

விசாரணையில் முதல் கேள்வி, 'யார் செய்தது?' என்பதுதான். இரண்டு பேருக்கு மெமோ. அதோடு மூடிவிட்டார்கள். அந்த வெந்த காலுக்குக் காரணம் பேக்கிங்தான் என்று அறிக்கையில் இருக்கிறது. எனக்குத் தெரியும், அதற்குக் காரணம் ஒரு மாதத்துக்கு முன் போட்ட கூச்சலும், நான் சொன்ன 'அப்புறம் வா'வும். மெமோ கொடுத்த பிறகு என்ன நடந்தது தெரியுமா? ஒரு வருடத்துக்கு அந்த மில்லில் யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அசம்பாவிதப் புத்தகம் வெள்ளையாகக் கிடந்தது. தலைமை அலுவலகத்தில் எங்களுக்குப் பாராட்டுக் கடிதம் அனுப்பினார்கள்.

அந்த வெள்ளைப் புத்தகத்தைப் பற்றி ஒரு விஷயம். ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் தொண்ணூறுகளில் மருத்துவமனைகளில், நோயாளிக்கு மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் போனார். கணக்கு வேறு மாதிரி வந்தது. நல்ல குழுக்களில்தான் பதிவான தவறுகள் அதிகம். பிறகுதான் புரிந்தது: அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, அதிகம் சொல்கிறார்கள். மற்ற வார்டுகளில் பயந்து மறைக்கிறார்கள். அதனால், தம்பி, உங்கள் ஷிப்ட்டில் புகாரே இல்லை என்றால் அதை நினைத்து நிம்மதியாகத் தூங்காதீர்கள்.

அப்புறம் எங்களுக்கு ஒரு புதிய மில் மேனேஜர் வந்தார். மலாய்க்காரர். அதிகம் பேசமாட்டார். ஆனால் ஒவ்வொரு காலையும் ஷிப்ட் மாறுகிற நேரத்துக்கு ரேம்ப்பில் வந்து நிற்பார். கையில் ஒரு சின்ன நோட்டு. ஒரே கேள்வி. 'செமாலாம் அப்பா யாங் தா ஓக்கே?' நேற்றிரவு எது சரியில்லை? எல்லாம் சரிதான் பாஸ் என்போம். சரி என்று போய்விடுவார். மறுநாள் மறுபடியும் வருவார். வாரக்கணக்கில் இப்படியே நடந்தது.

முதலில் வாயைத் திறந்தவர், செம்பனைக் கொட்டையை உடைத்துப் பருப்பு எடுக்கும் நிலையத்தில் வேலை செய்த ஒரு பெரியவர். மாடிப்படியில் விளக்கு எரியவில்லை, இரண்டு மாதமாக இருட்டில் தடவித் தடவி ஏறுகிறோம் என்றார். மேனேஜர் எழுதிக்கொண்டார். அன்று மாலைக்குள் விளக்கு எரிந்தது. அதுகூடப் பெரிதில்லை. மறுநாள் காலை அவர் அந்தப் பெரியவரையே தேடிப் போய், 'விளக்கு போட்டாச்சு, போய்ப் பாருங்கள், போதுமா?' என்று கேட்டார். அந்த வாரமே இன்னும் நாலு பேர் பேசினார்கள்.

இதை நன்றாக மனதில் வையுங்கள். தொழிலாளிகள் பெரிய குறையை முதலில் கொண்டுவரமாட்டார்கள். ஒரு விளக்கு, ஒரு குழாய், கிழிந்த கையுறை என்று ஒரு சின்ன விஷயத்தைக் கொண்டுவந்து வைத்து, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். அது நடந்தால்தான் அடுத்ததைச் சொல்வார்கள். 'இதெல்லாம் ஒரு விஷயமா?' என்று நீங்கள் கேட்டுவிட்டால், ஸ்டெரிலைசர் கசிவு உங்களிடம் வராது.

ஒரு வருடத்தில் எங்கள் அசம்பாவிதப் புத்தகம் நிரம்பி இரண்டாவது புத்தகம் வாங்கினோம். தலைமை அலுவலகத்தில் ஏன் இவ்வளவு என்று கேட்டார்கள். இவ்வளவும் முன்பும் நடந்தது, இப்போதுதான் எழுதுகிறார்கள் என்று அவர் எழுதி அனுப்பினார். தன் பெயர் கெட்டாலும் பரவாயில்லை என்று எங்களுக்காக நின்ற அந்த ஒரு கடிதம் போதும், நாங்கள் அவருக்காக ராத்திரி பகல் பார்க்காமல் வேலை செய்தோம்.

டொயோட்டா தொழிற்சாலைகளில் ஒரு கயிறு தொங்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கோளாறு கண்ட எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம், உடனே குழுத் தலைவர் ஓடி வருவார், தீரவில்லை என்றால் வரிசை நிற்கும். பல கம்பெனிகள் அந்தக் கயிற்றை மட்டும் வாங்கி மாட்டின. கயிறு இழுத்தவனைத் திட்டும் சூப்பர்வைசர் இருக்கும் இடத்தில் கயிறு வெறும் கயிறுதான். கெட்ட செய்தி வந்த முதல் நிமிடம் உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதை 19 பேரும் பார்க்கிறார்கள். 'யார் பண்ணது?' என்று ஆரம்பிக்காமல் 'என்ன ஆச்சு?' என்று ஆரம்பியுங்கள். 'சொன்னதுக்கு நன்றி' என்பதைச் சத்தமாக, மற்றவர்கள் காதில் விழும்படி சொல்லுங்கள். பையன் கன்வேயரை வீணாக நிறுத்திவிட்டானா? அன்றைக்குத்தான் அதை இரண்டு மடங்கு சத்தமாகச் சொல்ல வேண்டும். கோபம் வரத்தான் செய்யும், ஒரு நிமிடம் நின்று தண்ணீர் குடித்துவிட்டுப் பேசுங்கள்.

இன்றைக்குச் சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்த திருத்தம் 2024 ஜூன் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. உடனடி ஆபத்து என்று நியாயமான காரணத்தோடு நம்பும் தொழிலாளி, முதலாளியிடம் சொல்லியும் ஒன்றும் செய்யவில்லை என்றால், அந்த இடத்திலிருந்து விலகிக்கொள்ளலாம், அதற்காக அவனைத் தண்டிக்கக் கூடாது. உங்கள் ஆட்களுக்கு இது தெரியுமா? உங்கள் வாயால் அவர்களுக்குச் சொல்லுங்கள். நீங்களே சொல்லிவிட்டால், அந்த உரிமையைப் பயன்படுத்தும் நிலை வருவதற்கு முன்பே உங்களிடம் வந்து பேசுவார்கள்.

சரி, இனி நம் ஊர்ச் சிக்கலுக்கு வருகிறேன். நகரத்துப் பயிற்சியாளர்கள் இதைப் பேசமாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கு இது தெரியாது. தோட்டப்புற ஊரில் உங்களுக்குக் கீழே வேலை செய்பவர் வெறும் தொழிலாளி இல்லை. உங்கள் அப்பாவோடு ஒரே லயத்தில் வளர்ந்தவர், கோயில் கமிட்டியில் இருப்பவர், உங்கள் தங்கை கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர். மாமா என்று கூப்பிட்ட வாயால் எப்படி வேலை ஏவுவது என்று நீங்கள் தவிப்பது எனக்குப் புரிகிறது. மாமா என்றே கூப்பிடுங்கள். அதை நிறுத்தினால் பதவி வந்ததும் தலை கனத்துவிட்டது என்பார்கள், அது நியாயமான பேச்சுதான். மரியாதையில் உறவு இருக்கட்டும். ஓவர்டைம் பட்டியலில் உறவு இருக்கக் கூடாது.

நம் பக்கத்து மில்களில் சூழல் கெட்டுப்போவதற்கு நான் பார்த்த முதல் காரணம் இதுதான். கூச்சலைவிட இது மோசம். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் யாருக்கு? தெலுக் இந்தான் சித்ரா பௌர்ணமிக்கு யாருக்கு லீவு, யார் ஷிப்ட்? தீபாவளிக்கு முதல் நாள் இரவு யார்? ராயாவுக்கு யார்? சூப்பர்வைசரின் மச்சானுக்கு எப்போதும் நல்ல ஷிப்ட் என்றால், நீங்கள் என்ன பேசினாலும் எடுபடாது. அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி வாங்கும் வீட்டில் ஓவர்டைம் என்பது பிள்ளையின் பள்ளிக் காசு. அதனால்தான் அதில் பட்ட காயம் ஆறுவதே இல்லை.

செய்ய வேண்டியது சின்ன வேலை. அடுத்த மாதத்தின் ஓவர்டைம், பண்டிகை லீவு இரண்டையும் சுற்று முறையில் எழுதி, பஞ்ச் கார்டு இயந்திரத்துக்குப் பக்கத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டுங்கள். போன வருடம் தீபாவளிக்கு வேலை செய்தவருக்கு இந்த வருடம் முதலில் லீவு. ஒருவருக்கு மாதம் 104 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் கொடுக்கச் சட்டம் இடம் தராது, அந்தக் கணக்கையும் பட்டியலிலேயே காட்டுங்கள். மாற்றம் செய்தால் காரணத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். முதல் பட்டியலில் உங்கள் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அவருக்குக் கடினமான ஷிப்ட் முதலில் வரட்டும். வீட்டில் இரண்டு நாள் முகம் தூக்குவார்கள். மில்லில் 19 பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

மரியாதை பற்றிப் பேசும்போது எனக்கு ஒரு சைக்கிள் நினைவுக்கு வரும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் ஆட்கள் பெரிய வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்கள் தலைவர் ஆர்.எச். நாதன் கைதானார், துருப்புகள் வந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அவர்கள் கோரிக்கைப் பட்டியலில் சம்பள உயர்வு இருந்தது, கள்ளுக்கடையை மூடு என்று இருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது: வெள்ளைக்காரத் துரையையோ தோட்டத்து எழுத்தரான கிராணியையோ எதிரில் கண்டால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து. அரைவயிற்றுக் கூலிக்காரன், உயிரைப் பணயம் வைத்த நேரத்தில், காசோடு சேர்த்து இதையும் கேட்டான். மனிதனுக்கு எது வலிக்கும் என்று அந்த ஒரு வரி சொல்கிறது. என் அம்மா புல்வெட்டுக் கும்பலில் இருந்தவர். விடியாத பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது மண்டோர் சொன்ன ஒரு சொல்லை எழுபது வயதிலும் மறக்காமல் வைத்திருந்தார். அந்த மாதம் எவ்வளவு சம்பளம் வாங்கினார் என்பது அவருக்கு நினைவில்லை.

இன்றைக்கு யாரும் சைக்கிளிலிருந்து இறங்குவதில்லை. அது வாட்ஸ்அப் குழுவுக்குள் போய்விட்டது. ராத்திரி பத்து மணிக்கு, 40 பேர் இருக்கும் குழுவில், எண்ணெய் சிந்திய தரையின் படத்தைப் போட்டு 'யார் வேலை இது? கண் இல்லையா?' என்று எழுதுவார்கள். வீட்டில் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் மனிதன் அதைப் படிக்கிறான், பக்கத்தில் மனைவியும் படிக்கிறாள். தம்பி, பாராட்டைக் குழுவில் போடுங்கள். குறையை ஆளை நேரில் பார்த்து, தனியாக, வேலை நேரத்தில் சொல்லுங்கள். அவசரத்தைத் தவிர, ஷிப்ட் முடிந்தவருக்குச் செய்தி அனுப்பாதீர்கள். இதை நீங்கள் ஒருவர் மட்டும் செய்தாலே போதும், மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

இதோடு சேர்ந்த இன்னொரு சங்கடம், வேலையில் புலி, வாயில் விஷம் என்று ஒருவர் எல்லா மில்லிலும் இருப்பார். எங்களிடம் ஒரு பாய்லர்காரர் இருந்தார். சத்தத்தைக் கேட்டே அழுத்தத்தைச் சொல்வார், அவ்வளவு கெட்டிக்காரர். ஆனால் கற்றுக்கொள்ள வந்த பையன்களை அவர் பேசிய பேச்சில் மூன்று பேர் ஓடிப்போனார்கள். சான்றிதழ் உள்ள பாய்லர்காரர் கிடைப்பது கடினம் என்று எல்லாரும் பொறுத்துக்கொண்டோம். எட்கர் ஷைன் என்ற அறிஞர் நிறுவனங்களின் பண்பாட்டை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். தலைவர் எதைக் கவனிக்கிறார், நெருக்கடியில் எப்படி நடந்துகொள்கிறார், யாரை உயர்த்துகிறார், யாரை விட்டுவைக்கிறார் என்பதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் அங்கே எது செல்லும் என்று கற்றுக்கொள்கிறார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். சுவரில் 'ஒருவரை ஒருவர் மதிப்போம்' என்று எழுதியிருந்தது. அந்தப் பாய்லர்காரருக்கு ஆண்டு போனஸ் முழுதாகக் கிடைத்தது. பையன்கள் எதை நம்புவார்கள்?

அவரை உடனே நீக்கச் சொல்லவில்லை. முதலில் வேறு இரண்டு பேரைப் பாய்லர் தேர்வுக்குத் தயார் செய்யுங்கள். ஒரே ஆள் கையில் மில் இருக்கும்வரை உங்களால் நியாயம் பேச முடியாது. பிறகு அவரைத் தனியாக உட்காரவைத்து, 'உங்கள் வேலை முதல் தரம், அதில் சந்தேகமில்லை. நேற்று அந்தப் பையனிடம் இப்படிச் சொன்னீர்கள், இனி அது நடக்கக் கூடாது' என்று நாளும் சொல்லும் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். எங்கள் ஆள் பாதி மாறினார். அவரைச் சிறுவயதில் அவருடைய மேஸ்திரி ஸ்பேனரால் அடித்துப் பழக்கியிருந்தார் என்று அன்றைக்குத்தான் சொன்னார். மாறவே மாட்டேன் என்பவரைப் போகவிடத்தான் வேண்டும், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும்.

வெளிநாட்டுத் தொழிலாளிகள் இருக்கிறார்கள் என்பதற்கு மேல் அவர்களைப் பற்றி உங்கள் கேள்வியில் ஒன்றும் இல்லை. அவர்கள் பிரச்சினை கொடுப்பதில்லை என்று நீங்கள் நினைத்திருக்கலாம். வங்காளதேசத் தம்பி எல்லாவற்றுக்கும் 'ஓக்கே பாஸ்' என்பான். அது சம்மதம் இல்லை, பயம். கடன் வாங்கி வந்திருக்கிறான், பெர்மிட் கம்பெனி கையில் இருக்கிறது. அவனுடைய பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டிவைப்பது இந்த நாட்டில் குற்றம். அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்குச் சொல்லும் 11 அடையாளங்களில் அதுவும் ஒன்று. 2020-இல் அமெரிக்கச் சுங்கத்துறை இரண்டு பெரிய மலேசிய நிறுவனங்களின் செம்பனை எண்ணெய்யை உள்ளே விடாமல் நிறுத்தியதற்குக் காரணம் இந்த மாதிரி விஷயங்கள்தான். ஒரு ஷிப்ட் சூப்பர்வைசர் பார்க்காமல் விட்டது கப்பலையே நிறுத்தும்.

நம் தாத்தா பாட்டிகளும் கங்காணியின் கடன் கணக்கில்தான் இங்கே வந்து இறங்கினார்கள். அதனால் இவர்களிடம் நாம் நடந்துகொள்ளும் விதத்தில் எனக்குக் கூடுதல் எதிர்பார்ப்பு உண்டு. காலை விளக்கத்தை எல்லாருக்கும் புரியும் எளிய மலாயில் சொல்லுங்கள். அவர்களை வைத்துக்கொண்டு தமிழில் பேசிச் சிரிக்காதீர்கள். சிரிப்பு தங்களைப் பற்றித்தான் என்று நினைப்பார்கள், பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும். புரிந்ததா என்று கேட்காதீர்கள், செய்து காட்டச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை அவர்கள் தங்கும் இடத்துக்குப் போய் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். சம்பளச் சீட்டில் ஒவ்வொரு பிடித்தமும் எதற்கு என்று வரி வரியாகச் சொல்லுங்கள்.

எடை மேடையிலும் லேப்பிலும் பெண்கள் இருந்தால், லோரிக்காரர்கள் அவர்களிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று ஒரு நாள் பக்கத்தில் நின்று கேளுங்கள். பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பை வேலையிடத்தில் ஒட்டியே ஆக வேண்டும் என்று வேலைச் சட்டத் திருத்தம் 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒட்டினால் மட்டும் போதாது. யாரிடம் போய்ச் சொல்வது என்று ஒரு பெண்ணின் பெயர் அதில் இருக்க வேண்டும்.

திங்கட்கிழமை எம்.சி. விஷயத்தில் உடனே கோபப்படாதீர்கள். மூன்று மாத எம்.சி. பட்டியலையும் ஓவர்டைம் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குலை அதிகம் வரும் மாதங்களில் தொடர்ந்து ஞாயிறு வேலை செய்தவர்கள்தான் திங்கள் விழுகிறார்கள் என்றால், அது சோம்பல் இல்லை, களைப்பு. வாரத்துக்கு 45 மணி நேரம் என்று சட்டம் குறைத்தது சும்மா இல்லை. ஒரே ஆள் திரும்பத் திரும்ப என்றால் அவரைத் தனியாகக் கூப்பிட்டு வீட்டில் என்ன என்று கேளுங்கள். குடி இருக்கலாம். நம் ஊர்களில் அது பெரிய துயரம், மிரட்டினால் தீராது. அம்மாவுக்கு டயாலிசிஸும் இருக்கலாம்.

சிங்கப்பூருக்குப் போனவர்களை நினைத்து உங்களை நொந்துகொள்ளாதீர்கள். அந்த டாலரோடு உங்களால் போட்டி போட முடியாது, சம்பளத்தை முடிவு செய்வது நீங்கள் இல்லை. நல்ல பேச்சு நல்ல சம்பளத்துக்கு மாற்று என்று யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம். குறைந்த கூலியை 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று சொல்லி மூடும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன், தொழிலாளி அதை ஒரு மாதத்தில் கண்டுபிடித்துவிடுவான். ஆனால் போகிறவரிடம் போகும் முன் உட்கார்ந்து கேளுங்கள். காசுக்காகத்தான் போகிறேன் என்று பத்தில் பத்துப் பேரும் சொல்வார்கள். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் வேறு ஒன்றும் வெளியே வரும். தொழிற்சங்கத்துக்காரரை எதிரியாக நினைக்காதீர்கள், உங்களிடம் சொல்ல முடியாததை அவரிடம்தான் சொல்லியிருப்பார்கள். மாதம் ஒரு தே தாரே குடிக்கக் கூப்பிடுங்கள்.

இனி உங்கள் மேனேஜர். உங்கள் ஆட்கள் உங்களிடம் கெட்ட செய்தி கொண்டுவர வேண்டும் என்று கேட்கிறீர்கள், நீங்களும் அவரிடம் அதைச் செய்தாக வேண்டும். எதிர்க்கும் தொனியில் வேண்டாம். 'பாஸ், கேமரன் போவோம், ஆனால் ஆறு மாதம் கழித்துப் போவோம். அந்தப் பணத்தில் இப்போது சாப்பாட்டுக் கொட்டகை கூரையும் குளியல் இடமும் சரிசெய்தால் ஆட்கள் சந்தோஷப்படுவார்கள்' என்று கணக்கோடு எழுதிக் கொடுங்கள். மறுத்தாலும் பரவாயில்லை. மறுத்தார் என்பதைக் கீழே மறைக்காதீர்கள், அவரைப் பழிக்கவும் செய்யாதீர்கள். 'கேட்டேன், இந்த வருடம் முடியாது என்றார், அடுத்த பட்ஜெட்டில் மறுபடி கேட்பேன்' என்று நேராகச் சொல்லிவிடுங்கள். முடியாது என்ற பதிலையும் மனிதர்கள் தாங்கிக்கொள்வார்கள். பதிலே வராமல் காத்திருப்பதுதான் அவர்களை நோகடிக்கும்.

நாளைக் காலை ஷிப்ட் மாறுவதற்குக் கால் மணி நேரம் முன்னாடி ரேம்ப்புக்குப் போங்கள். கைப்பேசியை அலுவலகத்தில் வைத்துவிட்டு, சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். நேற்றிரவு எது சரியில்லை என்று கேளுங்கள். முதல் சில வாரம் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், அப்படியும் தினமும் போங்கள். யாராவது ஒருவர் ஒரு விளக்கையோ குழாயையோ பற்றிச் சொல்வார். அவர் பெயரோடு எழுதி, அன்றைக்கே செய்து முடித்து, மறுநாள் அவரையே தேடிப் போய்ச் சொல்லுங்கள்.